கஅபாவின் திரையும் படிக்கப்படாத எழுத்தும்

அரபு எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவது. கஅபாவைச் சுற்றும் ஹஜ் பயணியோ அதனைத் தம் இடத்தோளின் பக்கமாக வைத்து நடக்கிறார். (தவாஃபை ‘வலம்வருதல்’ என்று மொழிபெயர்க்கும் வழக்கம் இதனாலேயே பிழையாகிறது.) ஓரிடத்தில் நின்று சுவரை நோக்கித் திரும்பினால், தாம் நடந்துவந்தது இடமிருந்து வலமாக என்பதை அவர் உணரக்கூடும். அதாவது, மேலே பொன்னெழுத்தில் ஓடும் இறைவசனத்தின் ஈற்றுச் சொல்லே அவருக்கு முதலில் எதிர்ப்படுகிறது. தொடக்கச் சொல் கடைசியில். ஏழு சுற்றுகளிலும் இதே நிலைதான். நடந்துகொண்டே அந்த வசனத்தைப் படிக்க இயலாது.

அவ்வாறாயின் அந்த எழுத்து யாருக்காக? கிஸ்வா எனப்படும் கஅபாவின் திரை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் நெசவையும் அரசர்களின் கொடையையும் பேசுகின்றன. பயணிக்கும் எழுத்துக்கும் இடையேயான உறவு அவற்றில் ஓரமாகவே நிற்கிறது.

திரையில் இருவகை எழுத்துகள் உள்ளன. ஒன்று, கருப்புப் பட்டிலேயே கருப்பாக நெய்யப்பட்டது. கலிமாவும் இறைவனை விளிக்கும் சொற்களும் வளைந்து வளைந்து செல்லும் பட்டைகளாகத் திரை முழுதும் பரவியிருக்கின்றன. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு அது வெறுங்கருமை. அருகில் சென்று, வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் நெசவின் மேடுபள்ளம் எழுத்தாகிறது. ஹஜருல் அஸ்வத் கல்லுக்கும் வாயிலுக்கும் இடைப்பட்ட முல்தஸமில் மார்பையும் கன்னத்தையும் பதித்து நின்று இறைஞ்சுவது பயணியரின் நெடுநாளைய வழக்கம். துணியோடு துணியாய் நிற்கும் அந்நிலையில், இத்தகைய எழுத்து கண்ணுக்கு முன்பே தோலுக்குத் தெரிகிறது.

மற்றொன்று ஹிஸாம் என்னும் கச்சை. திரையின் மேற்பகுதியில் நான்கு புறமும் சுற்றி ஓடுவது; இன்று ஏறத்தாழ 47 மீட்டர் நீளமும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்டது. வெள்ளிக் கம்பிக்குப் பொன்முலாம் பூசிய சரிகையால், உள்ளே பருத்தி வைத்துப் புடைப்பாக எம்பிராய்டரி செய்யப்படுவது. எழுத்துமுறை துலுத், ஒன்றன்மேல் ஒன்றாகச் சொற்களை அடுக்கும் இம்முறையில் அரபியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் தடுமாறுவதுண்டு.

இங்கே தமிழ் முஸ்லிம்களின் சொல்வழக்கு ஒன்று துணைசெய்கிறது. குர்ஆனை அவர்கள் ‘படிப்பதில்லை’; ‘ஓதுகிறார்கள்’. சிறுவயதில் ஓதிப் பழகியவருக்குப் பொருள் தெரியாத வசனமும் நாவில் நிற்கும். சரிகையில் பின்னிக் கிடக்கும் எழுத்துகளுள் ஒரு சொல்லை இனங்கண்டால் போதும். எஞ்சியவை நினைவிலிருந்து எழுந்துவிடும். பயணியின் வாசிப்பு, அறிதலினும் அடையாளங்காணுதலே.

அவ்வாறு அடையாளங்காணப்படும் வசனங்கள் எவை என்பதும் கருதத்தக்கது. ஹிஸாமில் இடம்பெறுவன பெரிதும் பகரா, ஹஜ் ஆகிய அத்தியாயங்களின் பகுதிகள். இப்ராஹீம் நபியும் இஸ்மாயீல் நபியும் அடித்தளத்தை உயர்த்தியபடி வேண்டியது, சுற்றிவருவோருக்கும் நின்றும் குனிந்தும் தொழுவோருக்கும் அவ்வில்லத்தைத் தூய்மையாக்குமாறு இறைவன் பணித்தது, நடந்தும் மெலிந்த ஒட்டகங்களின் மீதும் தொலைதூரக் கணவாய்கள் வழியே மக்கள் வருவர் என்னும் அறிவிப்பு ஆகியவை அவற்றில் வருகின்றன. சுற்றிவருவோர் என்று எழுதப்பட்ட சுவரைச் சுற்றிவருகிறார் பயணி. அவர் அந்த வசனத்தின் வாசகர் அல்லர். அதன் பொருளே அவர்தான்.

அரசர்களின் நோக்கம் வேறாக இருந்தது. அப்பாசியர் காலத்துத் திரைகளில் கலீஃபாவின் பெயரும் நெய்யப்பட்ட ஊரும் பொறிக்கப்பட்டதை மக்காவின் பழைய வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். 1183இல் மக்காவுக்கு வந்த இப்னு ஜுபைர், பச்சைத் திரையின் மேற்பகுதியில் சிவப்பு எழுத்தில், மக்களுக்கென அமைந்த முதல் இல்லம் பற்றிய வசனத்துடன் கலீஃபா அந்-நாஸிரின் பெயரையும் கண்டார். 1326இல் இப்னு பதூதா கண்டது கருந்திரையும் வெள்ளை எழுத்தும். வெள்ளிக்கிழமைக் குத்பாவில் பெயர் ஒலிப்பதற்கு நிகரான உரிமைக்கோரலாகத் திரை விளங்கியது. 15ஆம் நூற்றாண்டில் ஹெராத்தின் தைமூரிய அரசர் ஷாருக் திரை அனுப்ப விழைந்தபோது மம்லூக் சுல்தான் பர்ஸ்பாய் மறுத்தார். அடுத்து வந்த ஜக்மக் இசைந்தாலும், அத்திரை கஅபாவின் உட்புறத்தில்தான் தொங்கியது.

இவ்வரசியலின் நடுவே இந்தியத் தறிகளும் வருகின்றன. 1926 ஹஜ்ஜின்போது எகிப்திய மஹ்மல் ஊர்வலத்தில் நேர்ந்த மோதலுக்குப் பின், அடுத்த ஆண்டு எகிப்து திரையை அனுப்பவில்லை. அவசரமாக ஒன்று ஆக்கப்பட்டது. பின்னர் மன்னர் அப்துல் அஸீஸின் ஆணைப்படி மக்காவின் அஜ்யாத் பகுதியில் நெசவுக்கூடம் எழுந்தது. இந்தியாவிலிருந்து கைத்தறிகளும் ஏறத்தாழ 60 நெசவாளரும் துணையாளரும் சென்று சேர்ந்தனர். பத்தாண்டுகள் போல அக்கூடம் இயங்கிற்று. எகிப்துடன் இணக்கம் ஏற்பட்டதும் மூடப்பட்டது.

பயணியின் தரப்பு மிகக் கூர்மையாக வெளிப்படுவது, திரை இறக்கப்படும் வேளையில்தான். துணி பழையதாகிறது, அதனை என்செய்வது? கலீஃபா உமர் பழைய துணியைப் பயணியருக்குப் பகிர்ந்தளித்ததாக அஸ்ரகீ குறிக்கிறார். கஅபாவின் காவலர் ஷைபா, தூய்மையற்றோர் உடுத்திவிடக்கூடும் என அஞ்சி, கழற்றிய துணிகளைக் குழிதோண்டிப் புதைத்துவந்தார். நபிகளாரின் துணைவியார் ஆயிஷா அது நன்றன்று என்றார்: கழற்றியபின் யார் உடுத்தினும் கேடில்லை, விற்று வறியோருக்கு அளியுங்கள் என்பது அவர் தீர்ப்பின் சாரம். புனிதம் இல்லத்துக்குரியது, துணிக்கன்று என்னும் தெளிவு அதில் உண்டு. ஆனால் துணி முழுதும் இறைநாமம் நெய்யப்பட்ட பிற்காலத்தில் அத்தெளிவு அத்தனை எளிதாக இல்லை. எழுத்து கழற்றப்பட்ட பின்னும் எழுத்தாகவே இருக்கிறதல்லவா?

பயணியர் இதற்குத் தம் வழியில் விடை கண்டனர். காவலர் குடும்பத்தாரிடம் துண்டுகளை விலைகொடுத்து வாங்கினர். வாய்ப்பு நேர்ந்தபோது தொங்கும் திரையிலேயே கத்தரித்தனர். வெட்டும் கை யாருடைய பெயரையும் பார்க்கவில்லை. மார்க்க அறிஞர் பலர் இச்செயலைக் கண்டித்தனர். ஆயினும் இதனை வெறும் அறியாமை எனத் தள்ளுவது வரலாற்றுக்கு நியாயமன்று. ஊர் திரும்பினால் மறுமுறை வருவோமா என்று அறியாத ஒருவர், தம்மைக் குறித்த வாசகத்தின் ஓரிழையை வேண்டினார், அவ்வளவே.

இன்று இறக்கப்படும் திரை அரசின் பொறுப்பில் உள்ளது. அதன் துண்டுகள் நாடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் பரிசாகச் செல்கின்றன. வாயில்திரை ஒன்று நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையின் கட்டடத்தில் தொங்குகிறது. திரை மாற்றும் நாள் 2022 முதல் முஹர்ரம் முதல்நாளாயிற்று. ஹஜ் காலத்திலோ திரையின் கீழ்ப்பகுதி சுமார் மூன்று மீட்டர் உயரத்துக்குச் சுருட்டப்பட்டு, அவ்விடம் வெண்துணியால் மூடப்படுகிறது. கஅபா இஹ்ராம் அணிந்தது என்பர் மக்கள்; கைகளிடமிருந்து துணியைக் காப்பது நோக்கம் என்பர் அதிகாரிகள். அந்நாள்களில் முல்தஸமில் நிற்பவரின் கன்னம் படுவது எழுத்தில்லாத வெள்ளையில். எழுத்து தொடங்குவது அவருடைய விரல்நுனிக்கு மேலே.