பரணில் கிடக்கும் கச்சேரிகள்

கார்த்திகை தீபம் நெருங்கினால் நம் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் பரண் காலியாகும். போன முறை அப்படி ஒழித்தபோது இரண்டாவது மாடியிலிருந்து ஒரு செருப்பு டப்பா கீழே வந்தது. உள்ளே பதினாறு கேசட்டுகள். பழைய பேப்பர் கடைக்காரர் "இதெல்லாம் எடுக்கறதில்லைங்க" என்று தள்ளிவிட்டதால்தான் தப்பின. ஒன்றின் மேல் பால்பாயிண்ட் பேனாவில் 'சோமு – கோயில் – 2' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தக் கோயில், எந்த வருடம் என்பதெல்லாம் எழுதியவருக்கே வெளிச்சம்.

சோமு என்றால் மதுரை சோமு (1919–1989). இளையவர்களுக்கு அடையாளம் சொல்வதானால், 1972இல் வந்த 'தெய்வம்' படத்தில் மருதமலை முருகன் மேல் தொண்டை கிழியப் பாடுவாரே, அவர்தான். கண்ணதாசன் எழுதி, குன்னக்குடி வைத்தியநாதன் இசையமைத்த பாட்டு. ஆடிக் கிருத்திகைக்கு மைக் செட் கட்டினால் அது ஒலிக்காமல் இருக்காது. ஆனால் அந்தச் சில நிமிடங்களை மட்டும் கேட்டுவிட்டு சோமுவைக் கேட்டதாகச் சொல்ல முடியாது. அவர் கோயில் திருவிழாப் பாடகர். கீற்றுப் பந்தலில் ராத்திரி ஆரம்பித்து நடுநிசி தாண்டியும் பாடியவர். ராகத்தைப் போதும் போதும் என்னும்வரை பாடிவிட்டு, அதற்கப்புறம் விருத்தம் என்று ஒன்றைத் தொடங்குவார். அங்கேதான் கூட்டம் கரையும்.

இதை எந்த இசைத்தட்டில் அடைப்பது? பழைய 78 வேகத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். வித்வான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாட வேண்டும். பின்னால் எல்பி வந்தது, நேரம் கூடியது. ஆனாலும் ஸ்டூடியோவில் எதிரே ஆள் இல்லை. தலையாட்ட ஆளில்லாமல் சோமு மாதிரி ஒருவர் எப்படிப் பாடுவார்? முழுக் கச்சேரியைப் பிடித்து வைத்தது ஸ்பூல் டேப்பும், 1963இல் பிலிப்ஸ் கொண்டுவந்த கேசட்டும்தான். அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற ரசிகர்கள். ஆம்ப்ளிஃபயர்காரரிடம் கெஞ்சி ஒரு வயர் வாங்கியோ, முன்வரிசையில் மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டோ பதிவு செய்தார்கள்.

அந்த '2'ஆம் நம்பர் கேசட்டைப் போட்டுக் கேட்டேன். மைக் ஊளையிடுகிறது. குழந்தை அழுகிறது. தூரத்தில் அதிர்வேட்டு. ஆலாபனை உச்சிக்குப் போகிற நேரத்தில் 'டக்' என்று நின்றுவிடுகிறது. பதிவு செய்தவர் பக்கம் திருப்புகிறார்! 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்; ராகத்துக்கு அது எங்கே தெரியும்? திருப்பிப் போட்டதும் நாம் வேறெங்கோ போய் விழுகிறோம். இருந்தாலும் சொல்கிறேன், துல்லியமான சிடியில் எனக்குக் கிடைக்காத சோமு இதில் கிடைத்தார். மிருதங்கக்காரர் ஒரு தீர்மானம் வைத்ததும் கூட்டம் கைதட்டுகிறது. அடுத்த வரியில் பாடகரின் குரலே மாறுகிறது. அந்த மாற்றத்தை ஸ்டூடியோவில் வாங்க முடியாது.

இந்த நாடாக்களுக்கு நான் இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் அவருடைய குருவின் குரு. சோமுவின் குரு சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. சித்தூராருக்குக் குரு காஞ்சிபுரம் நாயனா பிள்ளை, 1934இல் காலமானார். நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் காஞ்சிபுரம். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியம் வைத்து, லயத்தில் எல்லாரையும் மிரட்டியவர். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்பார்கள். திருப்புகழைக் கச்சேரி மேடையில் விரும்பிப் பாடியவர். அவர் உறவான காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் அந்தக் காலத்திலேயே கிராமபோன் தட்டு கொடுத்திருக்கிறார். நாயனா பிள்ளை கொடுக்கவில்லை. அவர் குரல் ஒரு நொடிகூட இன்று இல்லை. சிஷ்யர்களின் பதிவுகளைக் கேட்டு ஊகிக்க வேண்டியதுதான்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து கிளம்பிய ஆல்மன் பிரதர்ஸ் என்ற ராக் குழுவின் முதல் இரண்டு ஸ்டூடியோ இசைத்தட்டுகள் சுமாராகத்தான் போயின. 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் மேடையிலேயே பதிவு செய்து ஜூலையில் இரட்டைத் தட்டாக வெளியிட்டார்கள். அதில் ஒரே பாட்டு ஒரு பக்கம் முழுக்க, 20 நிமிடத்துக்கு மேல் ஓடும். அதன் பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. அதே அக்டோபரில் கிதார் வாசித்த டுவேன் ஆல்மன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போனார்; வயது 24. நம் சோமுவுக்கு 1976இல் பத்மஸ்ரீ வந்தது. சங்கீத கலாநிதி கடைசிவரை வரவில்லை. ஆனால் அவரைக் கேட்டே இராத வயதுப் பிள்ளைகள் இன்று போனில் அவரைக் கேட்கிறார்கள் என்றால், அதற்குப் பெரும்பாலும் யாரோ மடியில் வைத்துப் பிடித்த பதிவுகளே காரணம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இழப்பு புதிதல்ல. அருணகிரிநாதர் பாடிய திருப்புகழில் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடி 1894இல் முதல் பாகத்தை அச்சிட்டார். சொல் கிடைத்தது, சந்தம் கிடைத்தது. அருணகிரியார் பாடிய மெட்டு கிடைக்கவில்லை. இன்று நாம் பாடுவதெல்லாம் பின்னால் வந்தவர்கள் அமைத்தது. ரமணாசிரமத்தில் பகவானின் பழைய படச்சுருள்களைப் பார்த்திருப்பீர்கள்: நடக்கிறார், சிரிக்கிறார், ஓசை இல்லை.

ஆகவே உங்கள் பரணில் கேசட் இருந்தால் எறியாதீர்கள், உடனே போட்டும் பார்க்காதீர்கள். நாடா ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அதை ஓடவிடவே வேண்டாம். அது டெக்கையும் கெடுத்து, அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். சுத்தமாக இருந்தால் முதலில் முழுக்க ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்ன பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் தவறிப்போய் மேலே பதிவாகாது. நம் மேமாத வெயிலில் பரண் அடுப்பு மாதிரி. கேசட்டை உள் அலமாரிக்கு மாற்றுங்கள். பாட்டு சற்று வேகமாக, குரல் கீச்சென்று கேட்டால் கேசட் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பதிவு செய்தபோது பேட்டரி தளர்ந்து நாடா மெதுவாக ஓடியிருக்கும். கணினியில் ஏற்றிய பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

அதைவிட அவசரம் ஒன்று உண்டு. அப்பாவோ மாமாவோ பதிவு செய்தது என்றால், எந்த ஊர், எந்தத் திருவிழா, பக்கவாத்தியம் யார் என்று இன்றே கேட்டு ஒரு சீட்டில் எழுதி டப்பாவுக்குள் போடுங்கள்.

ஓடுகிற டெக் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் சங்க அறைக்குக் கொண்டு வந்தால் சேர்ந்து ஏற்றிவிடலாம். முக்கியமாக, 'சோமு – கோயில் – 1' என்று எழுதிய கேசட் யார் வீட்டிலாவது இருக்கிறதா, கொஞ்சம் பாருங்கள்.