வாடகையில் இருந்து சொந்தத்துக்கு: அனமார்ஃபிக் லென்ஸின் கதை

அனமார்ஃபிக் லென்ஸ் எப்படி நம்ம கைக்கு எட்டுற விலைக்கு வந்துச்சுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

1920-களில் பிரான்ஸ் வானியலாளர் ஆன்ரி கிரெத்தியன் 'ஹைப்பர்கோனார்' லென்ஸை உருவாக்கினார். அகலமான காட்சியைப் பக்கவாட்டில் பாதியா அமுக்கி பிலிம்ல பதிக்கும். திரையிடும்போது இன்னொரு லென்ஸ் அதை விரிச்சிடும். அன்னைக்கு சினிமாக்காரங்க பெருசா கண்டுக்கல. டிவி வந்து அமெரிக்கத் தியேட்டர்களில் கூட்டம் குறைஞ்ச பிறகு, 1952-ல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் அவரைத் தேடிப் போச்சு. 1953-ல் 'தி ரோப்', முதல் சினிமாஸ்கோப் படம். தமிழுக்கு அது வந்தது 1973-ல், 'ராஜராஜ சோழன்' மூலமா.

ஆனா இந்த லென்ஸ் பெரிய கம்பெனிகள் கையிலேயே இருந்தது. பானாவிஷன் இன்னைக்கும் தன் லென்ஸ்களை விற்பதில்லை, வாடகைக்குத்தான்.

மாற்றத்துக்குக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. பழைய பிலிம் ஃபிரேம் 4:3. அதனால இரண்டு மடங்கு அமுக்கணும். இன்றைய டிஜிட்டல் கேமரா எடுக்கிற 16:9 வீடியோ ஏற்கெனவே அகலம்; 1.33 மடங்கே போதும். 1.78-ஐ 1.33-ஆல் பெருக்கினா 2.37, ஸ்கோப் வந்தாச்சு. 2020-ல் சிருய் கிரவுட்ஃபண்டிங்கில் கொண்டுவந்த 50 மி.மீ. லென்ஸ் இந்த ரகம்தான்.

அமுக்கல் குறைஞ்சா பின்னணி விளக்குகளின் முட்டை வடிவமும் குறையும். இருக்கட்டும். குறும்படம் எடுக்கிறவருக்கு நான் சொல்றது இதுதான்: லென்ஸ் சொந்தம்னா, சரியா வராத ஷாட்டை நாளைக்கும் எடுக்கலாம்.