குற்றவாளிக் கூண்டில் நின்ற தாய்மார்

1974 ஆம் ஆண்டு. கொழும்பில் பத்திரிகையொன்றின் வாரப் பதிப்பில் மாதர் பக்கத்துக்கு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கும் பணி எனக்குத் தரப்பட்டிருந்தது. பேசாத, முகம் பார்க்காத, தமக்குள்ளேயே ஒடுங்கிவிடும் சில பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையொன்றை ஒருநாள் மொழிபெயர்த்தேன். தாயின் அன்பு வரண்டு போனமையே இந்நிலைக்குக் காரணம் என்று அது அடித்துக் கூறியது. நானும் அதை அழகு தமிழில் எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு பெண்மணி அந்தப் பக்கத்தை மடித்துக் கையிற் பிடித்தபடி அலுவலகத்துக்கு வந்தார். "தம்பி, நான் அவனைத் தூக்கேல்லையெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. இன்று ஓட்டிசம் எனப்படும் அந்த நிலையின் வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்தக் கேள்வியினாற்றான்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் டொனால்ட் திரிப்ளற் என்ற சிறுவனை, வைத்திய ஆலோசனையின்படி, 1937 இல் பெற்றோர் ஒரு நிலையத்தில் விட்டனர். மாதத்தில் இருமுறை மாத்திரமே அவனைப் பார்க்கலாம். ஓராண்டளவில், தடுத்தவர்களின் பேச்சைக் கேளாமல், அவனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டனர். வழக்கறிஞரான தந்தை, பால்ட்டிமோரில் இருந்த மனநல வைத்தியர் லியோ கனருக்கு மகனைப் பற்றி 33 பக்கக் கடிதம் எழுதினார். கனர் 1943 இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் இடம்பெற்ற 11 பிள்ளைகளுள் முதலாமவன் இந்த டொனால்ட். அதாவது, இத்துறையின் முதற் சான்றாவணமே ஒரு தகப்பன் எழுதிய கடிதந்தான்.

ஆனால் கண்ணால் கண்டு எழுதிய பெற்றோரே பின்னர் எதிரிகளாக்கப்பட்டனர். இது பிறவியிலேயே வருவது என்று 1943 இல் எழுதிய கனர், அதே ஆய்வில் பெற்றோரின் குளிர்ந்த சுபாவத்தையும் குறிப்பிட்டிருந்தார். 1949 இல் அக்கருத்தை மேலும் அழுத்தினார். 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்ற கொடிய சொல் அவ்வழியே பரவியது. சிக்காகோவில் சிறுவர் நிலையமொன்றை நடத்திய புறூனோ பெற்றல்ஹைம், 1967 இல் வெளியான தம் நூலில் இப்பிள்ளைகளை நாசி வதைமுகாம் கைதிகளோடு ஒப்பிட்டார். அவரே அம்முகாம்களில் இருந்தவர் என்பதால் அவரது சொல்லுக்குக் கனம் அதிகம். அந்த ஒப்புமையில் தாய்க்குக் கிடைத்த இடம் காவலாளியின் இடம். எனவே பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதே சிகிச்சை என்றாகிவிட்டது.

இதை உடைத்தவர்களும் பெற்றோரே. ஓட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையும் உளவியலாளருமான பேர்னாட் றிம்லாண்ட், 1964 இல் எழுதிய நூலில் இது உடலியல் சார்ந்த நிலை என்று வாதிட்டார். மறுவருடம் அமெரிக்கப் பெற்றோர் ஒரு தேசிய சங்கத்தை அமைத்தனர். இங்கிலாந்திலே 1962 இல் தோன்றிய சங்கத்தை உருவாக்கியோருள் ஒருவரான வைத்தியர் லோர்னா விங், இத்தகைய ஒரு மகளின் தாய். 1969 இல் அமெரிக்கச் சங்கத்தின் கூட்டத்தில் கனர் எழுந்து நின்று, பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். 1977 இல் வெளியான இரட்டையர் ஆய்வொன்று பரம்பரையின் பங்கைக் காட்டியது.

விடுவித்தால் மட்டும் போதுமா? வட கரோலினாவில் எரிக் ஸ்கொப்ளர் இன்னோர் அடி முன்வைத்தார். பெற்றோரைச் சிகிச்சையின் பங்காளிகளாக்கினார். ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னிருந்து, பயிற்றுநர் பிள்ளையோடு பழகும் விதத்தைத் தாய் பார்ப்பாள். பின்னர் அவள் பழகுவாள், பயிற்றுநர் பார்ப்பார். பிள்ளையை அதிகம் அறிந்தவள் தாய், பல பிள்ளைகளைக் கண்டவர் பயிற்றுநர். இருவரின் அறிவும் வேண்டும் என்பதே அதன் பொருள். 1972 இல் அது மாநிலம் முழுவதற்குமான அரச திட்டமாயிற்று.

குடும்பத்தை மையமாகக் கொண்ட பராமரிப்பு என்று இன்று சொல்லப்படுவதன் வேர்களில் ஒன்று இது. உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட பராமரிப்பாளர் பயிற்சியில் ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டுத் தரிசிப்புகளும் உள்ளன. பிள்ளையோடு விளையாடும் முறை மாத்திரமன்றி, பெற்றோர் தம் மனச்சோர்வைத் தணிக்கும் வழியும் அதிற் கற்பிக்கப்படுகிறது. களைத்துப்போன தாயிடம் மேலும் ஒரு கடமையைச் சுமத்துவது பராமரிப்பாகாது என்பதை உணர இத்தனை காலம் சென்றது.

நம் நாட்டிலே, 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வு, 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கைத் தந்தது. வீட்டிலேயே பெற்றோர் வழங்கும் பயிற்சியால் பிள்ளைகள் முன்னேறியதை 2016 இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டிற்று. நிபுணர்கள் தலைநகரிலேயே திரண்டிருக்கும் நாட்டில் வீட்டைவிட அண்மையான சிகிச்சை நிலையம் எது? ஆயினும் 'வளர்ப்புப் பிழை' என்ற பேச்சு நம் முற்றங்களில் இன்னும் ஓயவில்லை.

1974 இல் நான் மொழிபெயர்த்த தீர்ப்பு, ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே கனரால் இரத்துச் செய்யப்பட்டிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை, தேடவுமில்லை. பெயரொன்று பிழையாக அச்சேறினால் மறுநாளே திருத்தம் போடும் தொழில் எங்களுடையது. அந்தத் தாய்க்கு நான் எந்தத் திருத்தமும் போடவில்லை. மிகவும் பிந்திய திருத்தமாக இதனை இங்கே பதிவு செய்கிறேன்.