ஏரி வாரியமும் தோட்டத்து நீரும்

தமிழர்தம் நீர்நிலைப் பாதுகாப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளிலிருந்தே தொடங்குவர். முதலாம் பராந்தகன் காலத்தைச் சேர்ந்த (கி.பி. 919, 921) அக்கல்வெட்டுகளின்படி, குடவோலை வழித் தேர்ந்த அறுவர் ஏரி வாரியமாக ஓராண்டுக் காலம் பணியாற்றினர். கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்வுபெற இயலாது. இவ்விதியை நாம் மாணவர்க்குப் பெருமையுடன் கற்பிக்கிறோம்.

இம்மரபு நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் ஏன் வேரூன்றவில்லை? புலம்பெயர்வில் மறந்துபோயிற்று என்னும் வழக்கமான விடை நமக்கு ஏற்புடையதன்று.

முதலாவதாக, உத்தரமேரூர் வாரியத்தில் இடம்பெறப் பொதுவாகக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். 1938இல் இந்திய அரசு தடைசெய்யும்வரை கங்காணிமார் வழி மலாயா வந்தோருட் பலர் நிலமற்ற உழவுத் தொழிலாளர். ஏரியைத் தூர்வாரியது இவர் போன்றோரின் உழைப்பு. வாரியத்தில் அமர்ந்தவர் பிறர்.

இரண்டாவதாக, தோட்டத்து நிலமும் லயமும் கம்பெனிக்கே உரியவை. குடிநீர் வழங்கும் கடமையை 1990ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டமும் முதலாளியிடமே வைத்தது. தொழிலாளர் நீரைப் பெறுவோராக இருந்தனரேயன்றி அதனை நிருவகிப்போராக இல்லை.

அவர்கள் கூடிப் பொறுப்பேற்ற இடம் தோட்டக் கோயில். அதன் நிலமும் கம்பெனியுடையதே ஆயினும், அங்கே செயற்குழு அமைத்தனர். வரவு செலவு கேட்டனர். ஆகவே, கூட்டு நிருவாகம் அற்றுப்போகவில்லை. அதன் பொறுப்பில் நீர்நிலை வரவில்லை. ஏரி காக்கும் சங்கங்களைப் பற்றிக் கற்பிக்கையில், பண்பாட்டுப் பெருமையோடு நில உரிமையையும் நாம் சேர்த்தே பேசுதல் வேண்டும்.