மகளிர் உலக சாஃப்ட்பால் கோப்பை

நாட்டு அணிகள் மோதும் மகளிர் சாஃப்ட்பால் உலகப் போட்டி 1965-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தொடங்கியது. ஐந்து நாடுகளே கலந்துகொண்டன. அமெரிக்காவுக்காக ஆடியது ரேபெஸ்டாஸ் பிரேக்கெட்ஸ். கனெக்டிகட்டில் வாகன பிரேக் பாகங்கள் செய்த ஒரு நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்த கிளப் அணி அது. ஆட்டம் பிறந்ததே அமெரிக்காவில்தான் என்றாலும் இறுதியில் ஆஸ்திரேலியா 1-0 என வென்றது. 1970-இல் ஒசாகாவில் ஜப்பான் வாகை சூடியது. அமெரிக்காவுக்கு முதல் பட்டம் 1974-இல், பிரேக்கெட்ஸின் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில்தான் கிடைத்தது.

1982-இல் நியூசிலாந்து வென்றதை விட்டால், 1978 முதல் 2010 வரை எல்லாப் பட்டங்களும் அமெரிக்காவுக்கே. ஆனாலும் அவை எல்லாமே எளிதாகக் கிடைத்தவை அல்ல. 2002-இல் ஜப்பானை வென்றது 1-0 என்றுதான். பிட்சர் 43 அடி தூரத்திலிருந்து, கையைச் சுழற்றித் தாழ்வாக வீசும் பந்தைக் கணிக்க மட்டையாளருக்கு அரை நொடிகூடக் கிடைக்காது. அதனால் ஒரே ஓட்டம் ஆட்டத்தை முடித்துவிடும். பிட்சரின் தோளில்தான் அணியே நிற்கும்.

2012 முதல் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் இல்லை என்று 2005-இல் முடிவானது. அது நடைமுறைக்கு வந்ததும் வீராங்கனைகளுக்கு இந்த உலகப் போட்டியே உச்சக் களமானது. 2012-இல் கனடாவின் ஒயிட்ஹார்ஸில் ஜப்பான் அமெரிக்காவை 2-1 என வென்று, 42 ஆண்டுகள் கழித்துக் கோப்பையை மீட்டது. 2014-இல் அதைத் தக்கவைத்தது.

இப்போட்டியின் வரலாற்றில் மறக்கக்கூடாத நாள் 2018-இல் சிபாவில் நடந்த இறுதி நாள். ஜப்பானின் பிட்சர் யுகிகோ உவேனோவுக்கு அப்போது வயது 36. ஆஸ்திரேலியாவுடன் ஒரு முழு ஆட்டம் வீசிவிட்டு, அன்றே அமெரிக்காவுக்கு எதிராகவும் களமிறங்கினார். சமநிலை நீடித்ததால் ஆட்டம் 10-ஆவது இன்னிங்ஸுக்குப் போனது. கூடுதல் இன்னிங்ஸ்களில் இரண்டாம் தளத்தில் ஓட்டக்காரரை நிறுத்தியே ஆட்டம் தொடங்கும். பிட்சருக்கு மூச்சுவிட இடமில்லை. ஜப்பான் 6-4 என முன்னிலை பெற்றும் அமெரிக்கா மூன்று ஓட்டங்கள் எடுத்து 7-6 என வென்று, சாஃப்ட்பால் மீண்டும் இடம்பெற்ற டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தகுதியையும் பெற்றது. உவேனோ அன்று வீசிய பந்துகள் 249. தோற்ற பக்கம் நின்றாலும் அன்றைய நாயகி அவர்தான். 2021-இல் அந்த ஒலிம்பிக் இறுதியில் 39 வயதில் அதே அமெரிக்காவை 2-0 என வீழ்த்திய அணியிலும் அவர் இருந்தார்.

பின்னர் போட்டி உலகக் கோப்பை என்ற பெயரில் புது வடிவம் பெற்றது. 2023-இல் குழு ஆட்டங்கள் அயர்லாந்து, ஸ்பெயின், இத்தாலியில் நடந்தன. 2024-இல் இத்தாலியின் காஸ்தியோன்ஸ் தி ஸ்த்ராதாவில் ஜப்பான் அமெரிக்காவை 6-1 என வென்று நான்காவது பட்டத்தைப் பெற்றது. அமெரிக்காவின் கணக்கில் 11 உள்ளன.