எடுத்துரைப்போர் இல்லாத பாடுகள்

'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' இன்று மேடை இசைநாடகமாகவே அறியப்படுகிறது. ஆயினும் 1970இல் அது வெளிவந்தபோது இரண்டு இசைத்தட்டுகள் மட்டுமே. இசையமைத்த ஆண்ட்ரூ லாய்ட் வெபருக்கு அப்போது 22 வயது. பாடல்களை எழுதிய டிம் ரைஸுக்கு 25. இயேசுவின் இறுதி நாள்களை ராக் இசையில் மேடையேற்றப் பணம் போட எவரும் முன்வரவில்லை. ஒரு முழுக்கதையை இசைத்தட்டிலேயே சொல்லிவிட முடியும் என்பதை 1969இல் 'தி ஹூ' குழுவின் 'டாமி' காட்டியிருந்தது. இருவரும் அவ்வழியைப் பற்றினர். முதலில் யூதாஸின் பாடல் ஒன்று மட்டும் தனித்தட்டாக வந்தது. முழுப்படைப்பு அதன் பிறகே உருவானது.

மேடை இல்லாததால் காட்சி இல்லை, உடை இல்லை. எல்லாவற்றையும் குரலே சுமக்க வேண்டும். கேட்பவருக்குக் கதையை விளக்க ஓர் எடுத்துரைப்போரை வைப்பதே இத்தகைய நிலையில் எளிய வழி. பாஹ் இசையமைத்த 'மத்தேயு பாடுக'ளில் நற்செய்தியாளரே ஒரு பாடகராக நின்று நிகழ்வுகளை மறைநூலின் சொற்களில் சொல்லிச் செல்கிறார். யார் காட்டிக்கொடுத்தவன், யார் மீட்பர் என்ற தீர்ப்பும் அக்குரலோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. ரைஸ் அந்தக் குரலை நீக்கினார். இங்கே படர்க்கையில் கதை சொல்வோர் இல்லை. தன்மையிலும் முன்னிலையிலும் வாதிடுவோர் மட்டுமே உண்டு. முகப்பிசை முடிந்ததும் எழும் முதற்குரல் யூதாஸுடையது. மக்கள் கூட்டம் பெருகினால் உரோமர் தம் இனத்தை நசுக்கிவிடுவர் என்று அவன் அஞ்சுகிறான். அவன் வாயில் வழிபாட்டு ஆங்கிலம் இறைவனை விளிக்கக் காத்துவந்த பழைய முன்னிலைச் சொல் வருவதில்லை. 1960களின் தெருப்பேச்சே வருகிறது. இயேசுவாகப் பாடிய இயன் கில்லன் 'டீப் பர்ப்பிள்' என்னும் ராக் குழுவின் பாடகர். கெத்செமனே தோட்டத்து மன்றாட்டு அவர் குரலில் அலறலாகவே ஒலிக்கிறது.

எதிர்ப்பு இரு திசைகளிலிருந்து வந்தது. உயிர்த்தெழுதல் இல்லையே என்றனர் கிறித்தவர் சிலர். தொகுப்பு கல்லறையோடு நின்றுவிடுவது உண்மைதான். ஆனால் சொற்களே இல்லாத அந்த இறுதி இசைக்கு இடப்பட்ட தலைப்பு, யோவான் நற்செய்தி 19ஆம் அதிகாரத்தின் 41ஆம் வசன எண். அவ்வசனம் பேசுவது ஒரு தோட்டத்தையும், எவரும் வைக்கப்படாத புதுக் கல்லறையையும் பற்றி. நற்செய்தியாளர் இறுதியில் ஓர் எண்ணாக மட்டும் திரும்பி வருகிறார்.

யூத அமைப்புகள் எழுப்பிய கண்டனம் இதைவிடக் கனமானது. இயேசு, யூதாஸ், மகதலேனா மரியாள், பிலாத்து ஆகிய நால்வருக்கும் தனித்து நின்று மனம் திறக்கும் பாடல் உண்டு. ஏரோதுக்குக் கூட ஒரு கேலிப்பாடல் கிடைத்தது. கயபாவுக்கும் அவன் கூட்டத்தாருக்கும் அப்படி மனம் திறக்கும் தனிப்பாடல் இல்லை. யூதாஸின் மேலிருந்து இறக்கப்பட்ட பழி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் பாடல்களைப் பங்கிட்ட முறையே காட்டிவிடுகிறது. எடுத்துரைப்போரை நீக்கினாலும் தீர்ப்பு நீங்குவதில்லை போலும்.

1971இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்த இத்தொகுப்பை, உரிமைதாரர் மேடையேற்றும் முன்பே அந்நாட்டில் பலர் தாமாகவே நிகழ்த்தத் தொடங்கினர். 1971 அக்டோபரில் பிராட்வேயில் டாம் ஓஹோர்கன் இயக்கிய அதிகாரபூர்வ வடிவம் ஆடம்பரம் மிக்கது. வெபருக்கே அது பிடிக்கவில்லை. அது 711 காட்சிகளில் முடிந்தது. 1972இல் தொடங்கிய லண்டன் மேடையேற்றமோ எட்டாண்டுகள், 3,358 காட்சிகள் ஓடியது.

இதற்கிடையே உரிமம் பெறாத ஒரு குழுவின் மீது தயாரிப்பாளர் ராபர்ட் ஸ்டிக்வுட்டின் நிறுவனம் தொடுத்த வழக்கு நியூயார்க்கிலுள்ள கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றத்தை எட்டியது. தாங்கள் நடத்துவது நாடகமன்று, வெறும் இசைக்கச்சேரி என்பது அக்குழுவின் வாதம். 23 பாடல்களில் இருபதை ஏறத்தாழ மூல வரிசையிலேயே அவர்கள் பாடிவந்தனர். உடையும் காட்சியமைப்பும் கூடாது என்று கீழமை நீதிமன்றம் முன்பே தடுத்திருந்தது. மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கு அது போதவில்லை. உடையின்றிப் பாடினாலும், ஒரு பாடலுக்குப் பின் மூலத்தில் அடுத்து வரும் பாடலை அதே வரிசையில் பாடுதல் கூடாது என்று 1972இல் அவர்கள் ஆணையிட்டனர்.