முசாபிரும் அவன் தங்கிய அறையும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், நகரின் கீழைப் பகுதியாக அமைந்தது எங்கள் அரியமங்கலம். வெளியூரார் இவ்வூரை நீண்ட காலம் அறிந்திருந்தது மாநகராட்சியின் குப்பைமேட்டைக் கொண்டே. அதைச் சொல்லிக்கொள்வதில் எங்களுக்குப் பெருமையில்லை, மறைப்பதில் பயனுமில்லை.

2014ஆம் ஆண்டு எங்கள் குடும்பத்துத் திருமணம் ஒன்றிற்கு அதிராம்பட்டினத்து உறவினர் வந்தனர். வீட்டில் இடம் போதாமையால் மத்தியப் பேருந்து நிலையத்தருகே ஒரு விடுதியில் அறைகள் அமர்த்தினோம். என் தமக்கை மகனின் மனைவி பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தவை இரண்டு விரிப்புகளும் நான்கு தலையணை உறைகளும். விடுதியின் விரிப்பைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுத் தம் விரிப்பை விரித்தார். அவர் கணவர் நகைத்து, "இதெல்லாம் வஸ்வாஸ்" என்றார். அப்பெண் என் பக்கம் திரும்பி, "மாமா, நீங்கள் ஓதினவர்கள். இது வஸ்வாஸா, பேணுதலா? நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டார்.

கல்யாண வீட்டுச் சந்தடியில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆயினும் அவ்வினா என்னை விடவில்லை. இதே வினா நம் வரலாறு நெடுகிலும், பயணம் செய்தவர் ஒவ்வொருவரையும் தொடர்ந்து வந்திருப்பதைப் பின்னர் கண்டேன்.

ஃபிக்ஹு நூல்களை ஓதியவர்கள் அறிவர்: உறுதியாக உள்ளதை ஐயம் நீக்கிவிடாது என்பது அக்கலையின் தூண்களுள் ஒன்று. ஒரு பொருள் தூயது என்பதே அடிப்படை. அசுத்தத்திற்குச் சான்று தோன்றினாலன்றி அதைத் துருவித் துருவி ஆராய வேண்டியதில்லை. இமாம் மாலிக் அவர்களின் முஅத்தாவில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. உமர் (ரலி) அவர்கள் ஒரு குழுவினருடன் செல்லும் வழியில் ஒரு நீர்த்தொட்டியை அடைந்தார்கள். உடன் சென்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், கொடிய விலங்குகள் இதில் நீர் குடிக்க வருவதுண்டா என்று தொட்டிக்காரரைக் கேட்டார்கள். உமர் (ரலி) அவர்களோ, அதை எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று அவரைத் தடுத்துவிட்டார்கள். விடுதி விரிப்பின்மீது தொழலாமா என்று கலங்குவோருக்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதும். கண்ணுக்குக் கறையில்லையேல் விரித்துத் தொழுதுவிட்டுப் போகலாம்.

ஆனால் அதே உமர் (ரலி) அவர்கள்தாம் ஷாம் நாட்டு எல்லையில் ஸர்க் என்னுமிடத்திலிருந்து திரும்பினார்கள். அம்வாஸ் கொள்ளைநோய் அந்நாட்டில் பரவிய செய்தி அங்கே கிட்டியது. ஹிஜ்ரி 18, கி.பி. 639இல் அந்நோய் உச்சம் கொண்டது. இறைவனின் விதியைவிட்டு ஓடுகின்றீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்தில் விடையளித்தார்கள். நோயுள்ள ஊருக்குள் செல்லவும் வேண்டாம், அவ்வூரிலிருந்து தப்பியோடவும் வேண்டாம் என்னும் நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அப்போது எடுத்துரைத்தார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள் தம் மக்களோடு அங்கேயே இருந்து, அந்நோயிலேயே வஃபாத்தானார்கள்.

தொட்டியருகே துருவ வேண்டாமென்றவரும், நோயின் வாயிலில் படையையே திருப்பியவரும் ஒருவரே. முன்னது நஜீஸைப் பற்றிய ஐயம்; பின்னது நோயைப் பற்றிய செய்தி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நாம் விரிப்பைக் கண்டு அஞ்சி, அஞ்ச வேண்டியதைக் கவனியாது விடுகிறோம் என்பது என் எண்ணம்.

தமிழகத்திற்கு வந்த முசாபிர்களுள் இப்னு பதூதாவைப் போல் தங்குமிடங்களைக் கூர்ந்து நோக்கியவர் எவருமில்லை. மலபார்ச் சாலைகளில் அரை மைலுக்கு ஒரு மரவீடு, அதில் வழிப்போக்கர் அமரத் திண்ணை, பக்கத்தில் கிணறு, நீர் வழங்க ஓர் ஆள் என அவர் எழுதிவைத்திருக்கிறார். முஸ்லிம்களுக்கு அந்நீரைப் பாத்திரத்தில் கொடாது கையில் வார்த்தார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. தீட்டுக் கருதிச் செய்த செயல் அது. வாய்வைத்த பாத்திரம் பலர் கைக்கு மாறாமை நோய்க்கும் ஒரு தடை என்பதை அன்று இருசாராரும் எண்ணியிருக்க மாட்டார்கள்!

மதுரை சுல்தான்களின் காலத்தில், 1344ஐ ஒட்டி, மதுரையை அவர் அடைந்தபோது அங்கே கொள்ளைநோய் கொடிகட்டிப் பறந்தது. பிடித்தவர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாண்டனர். தப்பினால் நான்காம் நாள். நலமுள்ளவள் என்று அவர் விலைக்கு வாங்கிய அடிமைப் பெண் மறுநாளே இறந்தாள். பின்னர் அவரையும் காய்ச்சல் பற்றியது. ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியை நீரில் கரைத்துக் குடித்தார், மூன்று நாள் வயிறு போயிற்று, பிழைத்தார். பிழைத்ததும் அவர் செய்த முதல் வேலை, சுல்தானிடம் விடைபெற்று அவ்வூரைவிட்டுக் கிளம்பியதே. ஸர்க்கில் சொல்லப்பட்ட நபிமொழியை அவர் அறியாதவரல்லர், காழியாக இருந்தவர். அச்சம் எத்தகையது என்பதற்காக இதைக் குறித்தேன். அவரைக் குறைகூற அன்று.

அவர் காலத்தில் கிரனாடாவில் வாழ்ந்த அமைச்சரும் மருத்துவருமான லிஸானுத்தீன் இப்னுல் கதீப், 1348இல் தொடங்கிய பெருங்கொள்ளைநோயைப் பற்றி ஒரு நூல் செய்தார். தொற்று என்பது பட்டறிவால் நிறுவப்பட்டது என்று அவர் துணிந்துரைத்தார். நோயாளியின் ஆடை, பாத்திரம், காதணிகூட நோயை எடுத்துச் செல்லும் என்றார். நுண்ணோக்கி தோன்றுவதற்கு ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட சொற்கள் இவை.

இன்னும் முற்பட்டது, 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் ஷைஸரீ என்பவர் முஹ்தஸிப் என்னும் அங்காடிக் கண்காணிப்பாளருக்காக எழுதிய நூல். பொதுக் குளியலறைகளை நாளுக்குப் பன்முறை பெருக்கிக் கழுவவேண்டும். கழுவுவதும் நல்ல நீராலேயே, பிறர் குளித்த கழிவுநீரால் அன்று. நீர்த்தொட்டியை அவ்வப்போது தேய்த்துக் கழுவவேண்டும். சாம்பிராணிப் புகை இடவேண்டும் என அந்நூல் பணிக்கிறது. இங்கே ஒன்றை நோக்குக. ஆணை குளிக்க வந்தவனுக்கு இடப்படவில்லை. காசு வாங்கிக் குளியலறை நடத்துபவனுக்கே இடப்பட்டது.

இந்த முறை தலைகீழானது 19ஆம் நூற்றாண்டில்.

1865ஆம் ஆண்டு ஹஜ்ஜுக் காலத்தில் மக்காவில் வாந்திபேதி மூண்டது. ஹாஜிகள் 90,000 பேரில் 15,000 பேர் மாண்டிருப்பர் என்பது அக்காலக் கணிப்பு. நோய் எகிப்து வழியாக ஐரோப்பாவை எட்டியதும், 1866இல் கான்ஸ்டாண்டிநோபிளில் அரசுகள் கூடின. அதன் விளைவுகளுள் ஒன்றாக, செங்கடலில் ஏமன் கரையோரத்துக் கமரான் தீவில் 1882இல் உதுமானிய அரசு தடுப்பு முகாம் ஒன்றைத் திறந்தது. கீழை நாடுகளிலிருந்து வரும் ஹஜ்ஜுக் கப்பல்கள் அங்கே நின்றேயாக வேண்டும். ஹாஜிகள் கரையிறங்கிக் குளிக்க, அவர்தம் துணிகள் நீராவிக் கலத்திற்குள் சென்று கசங்கிச் சாயமிழந்து வரும். குடிசைகளில் நாள்களை எண்ணியிருக்க வேண்டும்; அதற்குரிய கட்டணமும் அவர்களே கட்டவேண்டும். 1915இல் ஆங்கிலேயர் அத்தீவைக் கைப்பற்றினர். முகாம் மூடப்பட்டது 1952இல்தான். கமரானைக் கடந்து சென்ற பாட்டன்மாரின் நினைவு நம் கடற்கரை ஊர்களின் பழங்குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் இருக்கக்கூடும்.

வாந்திபேதிக் கிருமியை ராபர்ட் கோக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து உறுதிசெய்தது 1883, 1884ஆம் ஆண்டுகளில். முகாம் திறந்த பிறகு! அதற்கு முன்பே, 1854இல், லண்டனில் ஜான் ஸ்நோ அந்நோய் குடிநீரால் பரவுவதைக் காட்டியிருந்தார். நீரைச் செம்மை செய்திருந்தால் நோயின் வேரை அறுத்திருக்கலாம். முசாபிரின் தலைப்பாகையை வேகவைப்பது அதைவிட எளிதாக இருந்தது.

திருச்சிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதை ஒழுங்குபடுத்த 1904இல் அமைந்த இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் இந்நகரையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. திருச்சி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளின் ஏழை மக்கள் கங்காணியின் பின்னே புறப்பட்டனர். பிளேக் நோயின் அச்சத்தால் முதலில் தூத்துக்குடியருகே தட்டப்பாறையிலும், 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் வந்தபின் மண்டபத்திலும் அவர்கள் நிறுத்தப்பட்டார்கள். நம் மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. அங்கே சில நாள் காவல், துணிகளுக்கு நீராவி, அம்மைப்பால், கொக்கிப்புழுவுக்கு மருந்து.

உண்மையை உண்மையாகச் சொல்ல வேண்டும். அம்மைப்பாலும் புழுமருந்தும் பல உயிர்களைக் காத்திருக்கும். அதை நன்றியோடு ஒப்புக்கொள்வதே நீதி. ஆயினும் மேல்வகுப்புப் பயணிகளுக்கு இருந்த நெகிழ்வு கூலியாளுக்கு இல்லை. கிருமி பயணச்சீட்டின் வகுப்பைப் பார்த்தா ஏறுகிறது? கரைதாண்டிச் சென்றபின் அவன் குடியேறியதோ, ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுதும் புகைக்குள் படுத்துறங்கும் தோட்டத்து லயன். அவனை வெளுத்து அனுப்பினார்கள். அவன் தங்கப்போகும் அறையை அந்த அக்கறையோடு எவரும் வெளுக்கவில்லை. அவனுடைய பேரர்களுள் பலர் 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைப்படி திரும்பி வந்திறங்கியதும், 1983க்குப் பின் அகதிகள் வந்து சேர்ந்ததும் அதே மண்டபம் முகாமில்தான்.

அறைக்காரனைக் கேள்விகேட்கும் சட்டங்களும் வராமலில்லை. 1867இல் சராய்களுக்கென்று ஒரு சட்டம், முதலில் வடபுல மாகாணங்களுக்காக, இயற்றப்பட்டது. தொற்றுநோயாளி தங்கினால் உடனே காவல்நிலையத்திற்கு அறிவிக்க வேண்டும். அறைகள், தாழ்வாரங்கள், சாக்கடைகள், கிணறுகளைத் துப்புரவு செய்ய வேண்டும். கட்டணப் பட்டியலை மாட்டிவைக்க வேண்டும் என்றது அது. ஷைஸரீ படித்திருந்தால் தலையசைத்திருப்பார். நம் சென்னை மாகாணத்தில் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் தங்கும் விடுதிகளையும் திருவிழாக் கூட்டங்களையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. தொற்றுநோயாளி இருந்த அறையைத் தொற்றுநீக்கம் செய்யாமல் அடுத்தவருக்கு விடுவதைக் குற்றமாக்கியது. அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. விடுதியில் தங்கும் நம்மவருள் எத்தனை பேர் அதை அறிவர்?

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டு. 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பெயர்பெற்ற விடுதி ஒன்றில் முன்னாள் படைவீரர் மாநாடு கூடியது. வீடு திரும்பியவர்களுள் 29 பேர் நுரையீரல் நோயால் இறந்தனர். ஆறு மாதம் கழித்துத்தான் கிருமி தென்பட்டது. அது வாழ்வது நீரில். குளிரூட்டும் கருவியின் நீர்த்துளிகளோடு காற்றில் பரவியிருக்கும் என்று முடிவு செய்தனர். மற்றது 2003 பிப்ரவரி 21இல் ஹாங்காங்கில் நிகழ்ந்தது. சார்ஸ் நோயுற்ற மருத்துவர் ஒருவர் ஒரு விடுதியின் ஒன்பதாம் மாடியில் ஓரிரவு தங்கினார். அம்மாடியில் தங்கிய பிறர் வழியாக நோய் வியட்நாம், சிங்கப்பூர், கனடா வரை சென்றது. பின்னர் சோதித்தபோது கிருமியின் சுவடு அறைக்கு வெளியே நடைவழிக் கம்பளத்திலும் மின்தூக்கியருகிலும் இருந்தது. கழுவித் துடைத்த அறைக்குள் இல்லை.

பிறகு 2020. வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய நம் பிள்ளைகள், பணம் கட்டி விடுதிகளிலும் கட்டாமல் அரசு ஏற்பாடு செய்த இடங்களிலும் நாள் எண்ணினார்கள். மார்ச்சில் தில்லி நிஜாமுத்தீனில் கூடிய தப்லீக் ஜமாஅத்தினரிடையே நோய் பரவியது உண்மை. நெருக்கமான கூட்டத்தில் எங்கும் அப்படித்தான் பரவும். அதை மறுப்பது நமக்கு அழகன்று. ஆனால் பள்ளிவாசல்களில் தங்கியிருந்த வெளிநாட்டு முசாபிர்கள் நோயாளிகளாக அன்றி நோயாகவே பேசப்பட்டார்கள், வழக்குகள் பாய்ந்தன. அவர்கள் பலிகடாக்களாக ஆக்கப்பட்டார்கள் என்று கூறி, ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை நீக்கியது. கமரானையும் மண்டபத்தையும் படித்திருந்த எனக்கு அது புதிய கதையாகப் படவில்லை.

அப்பெண்ணின் கேள்விக்கு விடை, மறுநாள் காலை அதே அறையில் கிடைத்தது. விரிப்பெல்லாம் அவர் வீட்டு விரிப்பு. ஆனால் குழந்தைகள் குடித்துக்கொண்டிருந்தது மேசைமேல் திறந்து கிடந்த விடுதிக் கூஜாவின் நீரை. இரவில் பாத்திரங்களை மூடிவைக்கச் சொல்லும் நபிமொழியை அவருக்கு நினைவூட்டினேன். மூட்டைப்பூச்சி கடிக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். அது மனிதருக்கு நோய் பரப்புவதாக நிறுவப்படவில்லை. குடற்காய்ச்சலும் வாந்திபேதியும் நீரில்தான் வருகின்றன. "அப்படியானால் விரிப்பு வஸ்வாஸ், கூஜா பேணுதல். சரிதானே மாமா?" என்றார். கறையில்லாத விரிப்பைப் பொறுத்தவரை சரிதான் என்றேன். கீழே சென்று விடுதி மேலாளரிடம், தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்படி யாரும் கேட்டதில்லை போலும். ஆனாலும் ஆளனுப்பிக் கூஜாக்களை மாற்றச் செய்தார்.

அறைகளைக் காலிசெய்தபோது பணியாள் பையன் வந்து வாடிய பூமாலைகள், தண்ணீர்ப் போத்தல்கள், பிரியாணி கட்டிவந்த தாள்கள் யாவற்றையும் ஒரு மூட்டையாகப் பெருக்கிக் கட்டினான். தரை பளிச்சென்று ஆயிற்று. இதெல்லாம் எங்கே போகிறது தம்பி என்று கேட்டேன்.

"அரியமங்கலத்துக்குத்தான் பாய்" என்றான்.